கங்கம்மா அத்தையின் பன்னிரண்டு சொற்கள்

8 ஜூலை 2024, திங்கள்

நான் செய்த பட்டன் வெளியே வேலை செய்கிறது. விளையாட்டுக்குள் வைத்தால் செத்துப்போகிறது. இன்று முழுக்க இதே பாடு. காலையில் ஊரிகத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டையில் ஒருவழியாக இடம் கிடைத்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தபோதும் அது செத்துத்தான் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

சாயங்காலம் சாம்ராஜ் மறுபடியும் கேட்டார், நீ பெங்களூருக்குப் போய் என்னதான் செய்கிறாய் என்று. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். பள்ளிக்கூட வாத்தியார், கேட்காமல் இருக்க முடியாது. சொன்னேன்: பிரவுசரில் ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. அதில் ஒருவர் சம்பாதிக்கும் பொருள் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் கிடக்கும். கம்பெனி மூடினால் பொருளும் போயிற்று. அதையே பிளாக்செயினில், அதாவது யாரும் தனியாக அழிக்க முடியாத ஒரு பொதுக் கணக்கேட்டில், பதிந்துவிட்டால் பொருள் ஆடியவருக்குச் சொந்தம். அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. கையெழுத்துப் போடுவது வாலட் என்கிற ஆப். விளையாட்டையும் வாலட்டையும் பேச வைப்பது என் வேலை. விளையாட்டு செய்கிறவர்கள் தங்கள் வலைப்பக்கத்தில் ஒரே ஒரு வரி நிரல் ஒட்டினால் போதும், என் பட்டன் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அழுத்தினால் வாலட் திறக்கும். அதற்குப் பெயர் வெப் காம்பொனென்ட்.

“அப்ப கல்யாணத் தரகர்னு சொல்லு,” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார். கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்கிற பகுதியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. தங்கச் சுரங்கம் மூடிய ஊரில் பிறந்தவருக்கு அதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

10 ஜூலை, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். விளையாட்டு ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாக, பெட்டிக்குள் பெட்டியாக ஓடுகிறது. வாலட் வெளிப்பெட்டியோடு மட்டும்தான் பேசும். உள்ளே இருப்பவளை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே உள்ளே இருந்து வெளியே சேதி சொல்லி அனுப்ப ஒரு ஆளை நட்டுவைத்தேன். மாமியார் வீட்டில் புது மருமகள் நாத்தனார் மூலமாகக் காப்பி கேட்பது போல. வேலை செய்கிறது!

தாமோதரன் (என் மேலதிகாரி, என்னைவிட நான்கு வயது சின்னவர், நல்ல மனிதர், அவசரக்காரர்) உடனே அடுத்ததை ஆரம்பித்தார். ‘மொட்டு’ விளையாட்டில் பட்டனை வைத்துச் சோதிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் வேண்டாம். வாலட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

13 ஜூலை, சனி

கங்கம்மா அத்தை பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் நான் இங்கே ‘ஆயுசு நூறு’ சொல்லிவிடுவேன். போனில் ஏதாவது விளையாட்டு ஓடாத நேரமே கிடையாது. மிட்டாய் உடைப்பது, பாட்டில் நிரப்புவது, எல்லாவற்றிலும் கரை கண்டவர். ‘மொட்டு’வைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டங்களைச் சேர்த்தால் செடி வளரும். தண்ணீர் ஊற்றினால் பூக்கும். பூத்ததை இன்னொருவருக்கு அனுப்பலாம், அவர் தோட்டத்தையும் எட்டிப் பார்க்கலாம். அனுப்பும்போது ஒரு சின்னச் சீட்டில் நாலு வார்த்தை எழுதலாம். சோதனை என்பதால் இதில் ஒரு பைசா கிடையாது. பூ பூதான்.

வாலட் போட்டுக் கொடுத்தேன். அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டும். போன் தொலைந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் வேறு போனில் தோட்டத்தைத் திறக்கலாம். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, “வீட்டுச் சாவி மாதிரி அத்தே. தொலைச்சிடக் கூடாது,” என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். இவ்வளவு எளிதாக விளக்கினேனே என்று எனக்கே பெருமை.

இன்னொன்றும் செய்தேன். சோதனை ஆட்களில் நளினியின் பெயரையும் சேர்த்தேன். நளினி அத்தையின் மகள், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது ஜெர்மனியில். மூன்று வருடத்துக்கு முன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் அப்பா கோவிந்தன் மாமா இந்தச் சுரங்கக் குடியிருப்பில் லைன் லைனாக நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாம்பூலத்தோடு பத்திரிகை வைத்தவர். அதே வாசல்களுக்குத் திரும்பப் போய்க் கல்யாணம் இல்லை என்று சொன்னார். அன்றைக்கே அத்தையை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைக்க வைத்தார். மகளோடு பேச மாட்டேன், எழுத மாட்டேன் என்று சத்தியம். அத்தை சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை. போனில் அவள் பெயர் வந்தால் தொடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு நளினியும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

வேண்டுமென்றேதான் சேர்த்தேனா? ஆமாம். வேண்டுமென்றேதான்.

14 ஜூலை, ஞாயிறு

ஆராதனையில் பாதிப் பிரசங்கம் காதில் விழவில்லை. பட்டனின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் வளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

22 ஜூலை, திங்கள்

அத்தை இன்று மதிலோரம் கூப்பிட்டு, ரகசியமாகக் கேட்டார். இந்தப் பூவை நளினிக்கு அனுப்பினால் அது பேசின கணக்கா, எழுதின கணக்கா?

நான் கிறிஸ்துவச்சி. மாரியம்மன் சட்டம் எனக்கு எப்படித் தெரியும்? சீட்டில் எதுவும் எழுதாமல் அனுப்பினால் இரண்டிலும் சேராது என்று தோன்றுகிறது அத்தே என்றேன். அவர் அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு மல்லியை அனுப்பினார். என் பட்டன் ஒருமுறை சுற்றியது, வாலட் திறந்தது, கட்டை விரலை வைத்தார், போய்விட்டது.

நளினியிடமிருந்து எனக்குச் சேதி: “ஈவ்லின், அம்மாகிட்டருந்து ஒரு பூ வந்திருக்கு. ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதுட்டிருக்கேன்.” பிறகு அவளும் ஒரு சாமந்தி அனுப்பினாளாம்.

இத்தனை வருட வேலையில் நான் செய்த எதுவும் யாரையும் அழ வைத்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும்.

1 ஆகஸ்ட், வியாழன்

தண்ணீர் வரும் நாள். குடங்களோடு எல்லோரும் குழாயடியில். நான் உள்ளே தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அத்தை ஏதோ பாடுகிறார். திருப்பாவை மெட்டு மாதிரி இருந்தது. வார்த்தைகள் மட்டும் புரியவில்லை. “ரிவரு… கேண்டிலு… ஆரஞ்சு…”

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதேதான். பன்னிரண்டும். தொலைந்துவிடக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? எழுதி வைத்தால் காகிதம் தொலையும் என்று மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்துவிட்டார். தினமும் காலையில் ஒரு தடவை பாடிப் பார்க்கிறாராம், மறக்காமல் இருக்க. இரும்புப் பூட்டு செய்து கொடுத்தால் சாவியைத் தண்டோரா போடுகிறார்கள் என்று சாம்ராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

உட்கார வைத்து விளக்கினேன். யாருக்கும் சொல்லக் கூடாது அத்தே, புருஷனுக்குக்கூட.

அப்போதுதான் தெரிந்தது, ஏற்கெனவே அந்தப் பக்கத்து மரியகுழந்தை அக்காவிடம் கொடுத்தாயிற்று. அவர் போனிலும் தோட்டம் திறந்திருக்கிறது. ஏன் கொடுத்தீர்கள் என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் உண்மையிலேயே ஆச்சரியம்.

“நீதான சாவி மாதிரின்னு சொன்ன? நான் வெளிய போனா சாவிய பக்கத்து ஊட்டுல குடுக்காம எங்க கொண்டும்போவேன்?”

 இந்த லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள் நான். என் வீட்டுச் சாவி இந்த நிமிஷம் எங்கே தொங்குகிறது? கங்கம்மா அத்தை வீட்டு ஆணியில். உதாரணம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

சொற்களை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு வேறு வாலட் போட்டு, பூக்களை எல்லாம் மாற்ற வேண்டும். அத்தை பாட்டை வேறு புதிதாகப் படிக்க வேண்டும். சோதனைப் பூவை யார் திருடப் போகிறார்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

அத்தை தோட்டம் செழிப்பாக இருக்கிறது. பிச்சி, செம்பருத்தி, கனகாம்பரம். நளினி வாரத்துக்கு ஒன்றிரண்டு அனுப்புகிறாள். இருவரும் சீட்டைக் காலியாகவே விடுகிறார்கள். நளினி சத்தியம் எதுவும் செய்யவில்லை, அவள் எழுதலாம். எழுதினால் அம்மா பதில் எழுத முடியாமல் தவிப்பாள் என்று விட்டுவிட்டாளாம்.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் ரயிலுக்குப் போகிறவர், இருட்டித் திரும்புகிறவர். சுரங்கத்தில் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் இறங்கிய உடம்பு, மூடியபோது வயது முப்பத்துச் சொச்சம்தான். அன்றிலிருந்து பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் காவல். வீட்டில் இருந்தாலும் பேச்சு கம்மி.

3 செப்டம்பர், செவ்வாய்

தாமோதரன் பதற்றத்தில். எங்களைப் போன்ற வேறொரு இடத்தில் மனிதர்களுக்குப் பதில் நிரல்களை விட்டு விளையாட வைத்து, பொருட்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் பட்டனில் காவல் போடு என்றார். ஒரே வாலட் ஒரே நாளில் பல போனிலிருந்து, பல ஊரிலிருந்து கையெழுத்துப் போட்டால் அது மனிதர் இல்லை. கதவை மூடிவிடு.

நியாயமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். சுத்தமாக வந்திருந்தது. அத்தையின் நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. வரவே இல்லை.

5 செப்டம்பர், வியாழன்

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை.

போய்ப் பார்த்தேன். தோட்டத்தின் மேல் சாம்பல் நிறம். என் பட்டன். அதற்குக் கீழே நானே எழுதிய வாசகம்: ‘இந்த வாலட் நிறுத்தப்பட்டுள்ளது.’ அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “நான் ஒண்ணும் எழுதலியே ஈவ்லினு. சீட்ட காலியாத்தான வுட்டேன். அம்மாவுக்குக் கோவமா?” என்று கேட்டார்.

அம்மன் இல்லை அத்தே, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லாகை, அதாவது எந்த போன் எங்கிருந்து வந்தது என்ற பதிவைப் பார்த்தேன். ஒரே நாளில் மூன்று போன். ஒன்று கோலார் பக்கம், அது அத்தை. ஒன்று நாகப்பட்டினம் பக்கம். அது மரியகுழந்தை அக்கா, திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போயிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சாவியைப் பத்திரமாகக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்! மூன்றாவது பெங்களூர். அது யார்? நானில்லை.

6 செப்டம்பர், வெள்ளி

நளினி: “அம்மா தோட்டம் மூடியிருக்குன்னு காட்டுது. அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சா? மறுபடியும் சத்தியம் வாங்கிட்டாரா? அம்மாவுக்கு வேணாம்னா நான் அனுப்பல, அத மட்டும் சொல்லிடு.”

இல்லை இல்லை இல்லை என்று மூன்று தடவை எழுதினேன்.

9 செப்டம்பர், திங்கள்

ஒன்பது மணிக்கு மீட்டிங் என்பதால் முதல் ரயில். பெண்கள் பெட்டியில் நிற்கவும் இடமில்லை, பொதுப் பெட்டியில் ஏறினேன். மாலூர் வரும்வரை கவனிக்கவில்லை. ஜன்னலோரம் கோவிந்தன் மாமா. காவல்கார நீலச் சட்டை, மடியில் டிபன் பை, கையில் போன்.

திரையில் சாம்பல் நிறத் தோட்டம்.

கூட்டம் என்னை அவர் தோளுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பட்டனை அழுத்துகிறார். சுற்றுகிறது. ‘நிறுத்தப்பட்டுள்ளது.’ மறுபடி அழுத்துகிறார். கட்டை விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி. விரல் அழுக்கு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துச் சிக்னல் தேடினார். பிறகு மறுபடியும் அழுத்தினார்.

ஆட்களை உட்கார வைத்து என் பட்டனை அழுத்தச் சொல்லி எவ்வளவோ சோதனை செய்திருக்கிறேன். இப்படி யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. 

அவருக்குச் சொற்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்கவே வேண்டாம். தினமும் காலையில் வீட்டுக்குள்ளேயே பாட்டாகக் கேட்கிறாரே.

வைட்பீல்டில் இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். போன் சட்டைப் பைக்குள் போயிற்று. “நெட்டு சரியில்ல போலக்கீது ரெண்டு மூணு நாளா,” என்றார், பொதுவாக, காற்றைப் பார்த்து. ஆமாம் மாமா, எங்கேயும் சரியில்லை என்றேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

லாகில் பழைய நாட்களையும் பார்த்தேன். மூன்றாவது போன் ஒருநாள் தவறாமல் வருகிறது. வாலட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வரும். எதையும் அனுப்பாது, எதையும் தொடாது. நளினி அனுப்பிய பூக்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவுதான்.

இப்போது என்ன செய்வது? சரியான வழி எனக்குத் தெரியும். அத்தைக்குப் புது வாலட், புதுச் சொற்கள், பாடக் கூடாது என்று கண்டிப்பு, பூக்களை அங்கே மாற்றுவது. ஊருக்கே தெரிந்த சாவியை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்? ஆனால் சொல் மாறினால் மாமா வெளியே நிற்பார். மகளைப் பார்க்க அவருக்கு இருப்பது அந்த ஒரே ஜன்னல். அதையும் நானே அடைக்கிறேன்.

அத்தையிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அத்தை பூரித்துப்போவார், அன்று ராத்திரியே மாமாவிடம் கேட்டும் விடுவார். மாமா ரோஷக்காரர். பத்திரிகை வைத்த வாசலில் தலை குனிந்தவர். ‘நான் எங்கே பார்த்தேன்?’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அந்தப் போனையே உடைத்துப் போடுவார். சொல்லாவிட்டாலும் தப்பு, சொன்னாலும் தப்பு.

சாம்ராஜிடம் கேட்டேன். இந்த முறை கேலி செய்யவில்லை. “உன் பட்டன் அழுத்தறவர்கிட்டதான சம்மதம் கேக்குது? நீயும் அவர்கிட்டயே கேளு,” என்றார்.

12 செப்டம்பர், வியாழன்

தாமோதரனோடு சண்டை. வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி மத்தியானம் வரை அந்த வாலட்டைத் திறந்துவிட வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரிக்காக விதியை வளைப்பதா என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்காக இல்லை, விதியே தப்பு என்றேன். ஒரு வாலட்டில் மூன்று போன் வந்தால் நிரல் என்று முடிவு கட்டினோம். அது ஒரு குடும்பமும் ஒரு பக்கத்து வீடும். வீட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்கிற ஊர்களில் உட்கார்ந்து யோசித்த விதி இது. கதவை மூடாமல் முதலில் கேட்கலாமே, இவர்கள் உங்கள் ஆட்களா என்று. ஆம் என்றால், ஆளுக்கொரு வாலட் போட்டுக் கொடுத்துப் பூக்களைப் பிரித்துத் தர ஒரு வழி காட்டலாமே.

அவர் பேனாவை மூடி வைத்தார். கேட்கிற திரையை நீயே எழுது, வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் மேலே நீயே பதில் சொல்லு என்றார். சரி என்றேன். சொன்ன பிறகுதான் தேதியைக் கணக்குப் பார்த்தேன்.

13 செப்டம்பர், வெள்ளி

வேண்டுமென்றே முதல் ரயில். மாமா பக்கத்தில் இடம் பிடித்தேன். பங்காரப்பேட்டை தாண்டிப் பேச்சை எடுத்தேன்.

“மாமா, அத்தை தோட்டத்துக்கு நாளைக்கு மத்தியானம் புதுச் சொல்லு போடறேன். பழைய சொல்லு அப்புறம் செல்லாது. இன்னிக்கு சாயங்காலத்துலருந்து நாளைக்கு மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும்.”

“அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?”

சும்மாதான் மாமா என்றேன். அவர் வெளியே பார்த்தார். யூகலிப்டஸ் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. மாலூர் வந்து போயிற்று. அதற்கப்புறம் முகத்தைத் திருப்பாமலேயே கேட்டார், நான் பார்ப்பது உங்கத்தைக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். சொல்லாதே என்றார். உங்களுக்கென்று தனியாக ஒன்று போட்டுத் தரட்டுமா என்றேன்.

“எனக்கு இன்னாத்துக்குமா அதெல்லாம்,” என்று பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுகொண்டார். வைட்பீல்டு வர இன்னும் நேரம் இருந்தது.

தோற்றுவிட்டேன் என்று தோன்றுகிறது.

14 செப்டம்பர், சனி

மாற்றியாயிற்று. அத்தைக்குப் புது வாலட். மரியகுழந்தை அக்காவுக்கும் தனியாக ஒன்று. வேளாங்கண்ணியிலிருந்து மொட்டையோடு வந்திருக்கிறார். இந்தத் தடவை சாவி என்ற பேச்சே எடுக்கவில்லை. “இது உங்க தாலி மாதிரி அத்தே. பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போவீங்களா?” என்றேன். “சேட்டு அடகுக் கடையில குடுத்துக்கீறேன்டி, எத்தினியோ வாட்டி,” என்றார். மரியகுழந்தை அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. இந்த ஊரில் உதாரணமே சொல்லக் கூடாது.

பூக்களை மாற்றும்போது அத்தை நிறுத்தினார். ஒரு செம்பருத்தி குறைகிறது என்றார். நேற்றுவரை இருந்ததாம், நன்றாக விரிந்த சிவப்பு. மரியகுழந்தை அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு சத்தியம் செய்யப் போனார். வேண்டாம், இனிமேல் இந்த லைனில் யாரும் எதற்கும் சத்தியம் செய்ய வேண்டாம் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எங்கேயும் போயிருக்காது, நான் தேடித் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். விடியற்காலையில், அந்தக் காலத்தில் சுரங்கத்து முதல் ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்தில், மூன்றாவது போன் முதல் தடவையாக ஒரு பூவை அனுப்பியிருக்கிறது.

15 செப்டம்பர், ஞாயிறு

நளினி ஒரு படம் அனுப்பினாள். அந்தச் செம்பருத்தி. கீழே சீட்டில் எழுத்து இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், தட்டுத் தடுமாறி அடித்தது.

‘அங்க குளுருதா பாப்பா’

“ஈவ்லின், அம்மா சீட்டுல எழுத மாட்டாங்க. என்ன பாப்பான்னு கூப்பிடற ஆளு உலகத்துலயே ஒருத்தர்தான். இது அவரா? தயவுசெஞ்சு சொல்லு.”

அத்தைக்குச் சொல்லாதே என்றுதான் மாமா கேட்டார். நளினியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அது வக்கீல் பேச்சு. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், “அவர் நம்பர் மாறவே இல்லை,” என்று மட்டும் அனுப்பினேன்.

சத்தியம் செய்தது அத்தைதான். மாமா எந்தச் சூடத்தையும் அணைக்கவில்லை. மூன்று வருடமாக அவர் வாயைக் கட்டியது அவரேதான். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. அவருக்கும் நேற்றுத்தான் உறைத்திருக்குமோ?

18 செப்டம்பர், புதன்

கேட்கிற திரை முடிந்தது. தாமோதரன் படித்துவிட்டு ஒரு கமாவை மாற்றினார். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து புடவை மாற்றக்கூட இல்லை. வெளியே மாமாவின் குரல். அந்தக் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் தெரு நடுவில் நின்றிருந்தார். ஜெர்மனி தூரம் என்பதால் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்று நினைக்கிறார். லைன் முழுக்கக் கதவோரம் வந்து நின்றுவிட்டது. ஸ்வெட்டர் இருக்கா, அரிசி கிடைக்குதா, ஆபீசுக்கு நடந்தா போற. எல்லாம் பத்திரிகை வைத்த அதே வாசல்களுக்கு முன்னால்.

அத்தை வாசற்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா போனை அவரிடம் நீட்டினார். அத்தை தலையை அசைத்து மறுத்தார். மாமா போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

“உங்கம்மா இங்கதான் கீறா பாப்பா. அவ பேச மாட்டா. நான்தான் அவள அம்மன் எதிர்ல சூடம் அணைக்க வெச்சேன். எம் புத்தி. வெள்ளிக்கெழம கூட்டிம்போயி தீர்த்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் எங்கூட பேசிக்கினு இரு.”

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாம்ராஜ் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

27 செப்டம்பர், வெள்ளி

அரை நாள் லீவு. வீடியோ கால் போட்டுத் தர நீ வர வேண்டும் என்று மாமா கேட்டார். மாரியம்மன் கோயில் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நளினி அங்கே எழுந்து தலைகூட வாரவில்லை.

உள்ளே பூசாரி புதிதாகச் சூடம் ஏற்றினார். அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டார். அபராதக் காசை மஞ்சள் துணியில் முடிந்து உண்டியலில் போட்டது மாமா. அத்தை கை நீட்டியபோது, தப்பு என்னுடையது என்று சொல்லி அவரே போட்டார்.

அத்தை வெளியே வந்து போனை வாங்கினார். நெற்றி நிறைய விபூதி. திரையில் நளினி “அம்மா” என்று சொல்லிவிட்டு அதற்குமேல் முடியாமல் நின்றாள். அத்தை அவளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ரெண்டு நாளா பிச்சிப்பூவுக்குத் தண்ணியே ஊத்தல நீ,” என்றார். “அப்பிடி இன்னாடி வேல உனுக்கு?”